பெருமானாரின் செவிலித்தாய்

பழவேற்காட்டு ஊரைக் கடந்து, ஏரிப் பாலத்தைத் தாண்டிக் கிழக்கே சென்றால் லைட்ஹவுஸ் குப்பம். மேற்கே ஏரி, கிழக்கே வங்கக் கடல். நடுவே மணல்மேட்டில் மீனவர் வீடுகள், கரையேற்றிய படகுகள், உலரும் வலைகள், கலங்கரை விளக்கம். சற்று வடக்கே ஏரியும் கடலும் கலக்கும் முகத்துவாரம். அது மணல் மூடிப் போகும் காலங்களில் படகும் கடலுக்குப் போகாது, இறாலும் ஏரிக்குள் வராது. குப்பத்து மக்களின் பிழைப்பு அந்த வாய் திறந்திருப்பதைப் பொறுத்தது.

நானூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரைக்கு அப்பால் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. சிறு படகுகள் துணி மூட்டைகளை ஏற்றிச் சென்று அவற்றில் சேர்த்தன. மலாய் நாட்டு முஸ்லிம்கள் தொழுகைக்கு உடுத்தும் கைலிக்கு இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். அந்தப் பெயருக்குள் இருப்பது பழவேற்காடு. அரபு நாட்டிலிருந்து வெளியேறிக் கடல் வழியாக வந்து இங்கே குடியேறிய குடும்பங்களின் வழித்தோன்றல்கள் தாம் என்பது ஊர் முஸ்லிம்களிடையே தலைமுறை தலைமுறையாக வழங்கும் செய்தி. பிறகு ஒல்லாந்தர் வந்தனர். 1610இல் வணிகச் சாவடி அமைத்தனர். 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே.

துணியோடு மனிதர்களும் ஏற்றப்பட்டனர். பஞ்சமும் போரும் வரும்போதெல்லாம் அந்த வணிகம் பெருகியது. 1622, 1623 ஆகிய ஆண்டுகளில் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 பேரை ஒல்லாந்தர் அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றினர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டுள்ளனர். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியில் போரும் பஞ்சமும் ஒருங்கே வந்தபோது இக்கரையிலிருந்து சென்றவர்களின் தொகை 8,000 முதல் 10,000 வரை. பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் இலங்கைக்கும் அவர்கள் அனுப்பப்பட்டனர். அரிசிக்காகப் பெற்றோரே விற்ற பிள்ளைகளும் அவர்களில் இருந்தனர்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. அதன் வாயிலில் உள்ள இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் பார்க்காமல் திரும்பும் பயணி அரிது. உள்ளே வணிகர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அவர்தம் மனைவியருக்கும் எழுத்துப் பொறித்த கற்கள் உண்டு. விற்கப்பட்டுக் கடல் கடந்த பிள்ளைகளுக்குக் கல் ஏதும் இல்லை.

இந்தக் கரையிலிருந்து ஓர் ஆப்பிரிக்கச் சிறுமியை நினைக்க விரும்புகிறோம். சொந்த நாட்டிலிருந்து பிரிக்கப்பட்டு, மக்காவில் ஒரு குறைஷிக் குடும்பத்தின் உடைமையாக வாழ்ந்தவர். பெயர் பரகா. தந்தை பெயர் ஸஃலபா. நாடு ஹபஷா என்னும் அபிசீனியா. வரலாற்றில் அவர் உம்மு அய்மன் (ரலி) என்னும் பெயரால் அறியப்படுகிறார். தம்மைப் பெற்ற தாய்க்குப் பிறகு தமக்குத் தாயாக இருந்தவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறிப்பிட்டது இவரைத்தான்.

நபிகளாரின் தந்தை அப்துல்லாஹ் வணிகப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் யஸ்ரிபில் இறந்தபோது இளைஞர். அவர் விட்டுச் சென்ற சொத்தை இப்னு சஅத் பட்டியலிடுகிறார்: ஐந்து ஒட்டகங்கள், ஓர் ஆட்டு மந்தை, பரகா என்னும் அடிமைப் பெண். ஒட்டகத்தோடும் ஆட்டோடும் ஒரே வரிசையில் எண்ணப்பட்ட அந்தப் பெண்ணே, ஆமினா அம்மையார் ஈன்ற தந்தையற்ற குழந்தையைப் பேணி வளர்த்தார். குழந்தை வளர்ந்து பெரியவராகும் வரை பராமரித்தவர் அவரே என்பதை இமாம் முஸ்லிமின் தொகுப்பில் இப்னு ஷிஹாப் அஸ்ஸுஹ்ரீ உறுதிப்படுத்துகிறார்.

இங்கே நம்முடைய நினைவைப் பற்றி ஒரு சொல். தமிழ் முஸ்லிம்கள் ஹலீமா (ரலி) அவர்களை நன்கு அறிவோம். உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அவருக்கென்று ‘அலிமா முலையூட்டு படலம்’ என ஒரு படலமே பாடினார். மவ்லிது சபைகளிலும் அவர் பெயர் ஒலிக்கும். அது தகுதியான நினைவே. ஆனால் ஹலீமா அம்மையார் பெருமானாரை வளர்த்தது பாலைவனத்தில் சில ஆண்டுகள். பரகாவோ பெருமானார் பிறந்தபோதும் அந்த வீட்டில் இருந்தார், அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் மறைந்தபோதும் உயிரோடிருந்தார். இத்தனை நீண்ட உறவுக்கு நம் வீடுகளில் உரிய இடம் கிடைக்கவில்லை. கறுத்த அடிமைப் பெண் என்பதால்தானா என்று நாம் நம்மைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பெருமானாருக்கு ஆறு வயதானபோது ஆமினா அம்மையார் மகனை அழைத்துக்கொண்டு யஸ்ரிபுக்குச் சென்றார். உடன் சென்றவர் பரகா. திரும்பும் வழியில் அப்வா என்னும் இடத்தில் ஆமினா நோயுற்று இறந்தார். அடக்கமும் அங்கேயே. அந்தப் பாலைவெளியில் எஞ்சியது ஆறு வயதுச் சிறுவனும் ஓர் இளம் அடிமைப் பெண்ணுமே. அங்கிருந்து மக்கா பல நாள் தொலைவு. பரகா சிறுவனை மக்காவுக்குக் கொண்டு வந்து பாட்டனார் அப்துல் முத்தலிபிடம் சேர்த்தார்.

சிறுவனிடம் ஒருபோதும் கவனக்குறைவாக இருக்கக் கூடாது என்று அப்துல் முத்தலிப் பரகாவுக்கு அறிவுறுத்தினார். ஈராண்டுகளில் அவரும் இறந்தார். பாட்டனாரின் சந்தூக்கின் பின்னே எட்டு வயதுச் சிறுவர் அழுதுகொண்டு சென்றதைப் பார்த்தவர் பரகா. பிற்காலத்தில் அதைச் சொன்னவரும் அவரே. சிறு வயதிலும் பெருமானார் பசி என்றோ தாகம் என்றோ முறையிட்டுத் தாம் கண்டதில்லை என்றும், காலையில் ஸம்ஸம் நீரைப் பருகிவிட்டு, உணவு கொடுத்தால் போதும் என்று மறுத்துவிடுவார்கள் என்றும் அவர் அறிவித்தார். அந்தச் சிறுவர் இறைத்தூதராவார் என்று எவரும் அறியாத காலத்தில் அவருடைய முகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஒரு பணிப்பெண். அந்த அநாதைப் பருவத்தின் சில காட்சிகள் நமக்குக் கிடைத்தது அவர் கண்கள் வழியாக.

தமிழில் இவருக்குப் பொருத்தமான ஒரு பழஞ்சொல் இருக்கிறது: செவிலி. சங்க இலக்கியத்தில் தலைவியை வளர்ப்பவள் செவிலித்தாய். தோழி என்பவள் அந்தச் செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் வரையறுக்கும். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். இருவருக்கும் தாய் என்ற சொல்லைத் தமிழ் மறுக்கவில்லை. இன்று மருத்துவமனையில் நோயாளியைப் பேணுபவர்களையும் செவிலியர் என்றே அழைக்கிறோம். வளர்த்தல், நோயில் பேணுதல் என்னும் இரு பணிகளையும் பரகா செய்தார். ஆகவே செவிலி என்பதன் இரு பொருளும் அவருக்கு உரியவை.

கதீஜா (ரலி) அவர்களைத் திருமணம் செய்தபோது பெருமானார் பரகாவுக்கு விடுதலை அளித்தார்கள். அப்போது பெருமானாருக்கு வயது 25. நபித்துவம் வருவதற்கு இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருந்தன. அடிமையை விடுவிப்பதன் சிறப்பைக் கூறும் இறைவசனம் எதுவும் அப்போது இறங்கியிருக்கவில்லை. பிறகு யஸ்ரிபைச் சேர்ந்த உபைத் இப்னு ஸைத் என்பவருக்கு அவர் மணமுடிக்கப்பட்டார். அவர்களுக்குப் பிறந்த மகன் அய்மன். உம்மு அய்மன், அய்மனின் தாய் என்ற பெயர் அதனால் வந்தது. கணவரை இழந்தபின் மீண்டும் பெருமானாரின் வீட்டை அடைந்தார்.

நபித்துவம் வந்தபின், சுவனத்துப் பெண்ணை மணக்க விரும்புபவர் உம்மு அய்மனை மணந்துகொள்ளட்டும் என்று பெருமானார் கூறியதாக இப்னு சஅத் பதிவு செய்துள்ளார். முன்வந்து மணந்தவர் ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி). அவரும் விற்கப்பட்ட பிள்ளை. சிறுவயதில் கொள்ளையர் கவர்ந்து சென்று உகாழ் சந்தையில் விற்றனர். தந்தை தேடிக் கண்டுபிடித்து அழைக்க வந்தபோதும், பெருமானாரை விட்டுப் பிரிய மனமின்றி மக்காவிலேயே தங்கிவிட்டார். தாய் தந்தையரிடமிருந்து பறிக்கப்பட்ட இருவர் கூடி அமைத்த இல்லறம் அது. இவ்விடத்தில் பழவேற்காட்டுக் கரையிலிருந்து சென்ற பிள்ளைகள் நம் நினைவுக்கு வராமல் போவதில்லை. அவர்களிலும் அவர்களைப் போன்றோரிலும் ஒரு பகுதியினர் தென்னாப்பிரிக்காவின் கேப் நகரத்தை அடைந்தனர். ஊர்ப்பெயரே அவர்களுக்குக் குடும்பப் பெயரானது. ‘கோரமண்டலைச் சேர்ந்தவர்’ என்று பதிவேட்டில் எழுதப்பட்டனர். கேப் நகரில் இன்றும் பாங்கொலி கேட்பதற்குக் காரணமான முஸ்லிம் சமூகத்தின் வேர்களில் இந்தியக் கரைகளிலிருந்து சென்ற அடிமைகளும் உண்டு.

முஸ்லிம் அரசுகளும் முஸ்லிம் வணிகர்களும் பல நூற்றாண்டுகள் அடிமை வணிகத்தில் ஈடுபட்டிருந்தனர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பெருமானார் தம் செவிலித்தாய்க்குச் செய்ததைப் பெருமையோடு பேசுபவர்கள், அவ்வழியில் நடக்கத் தவறிய நம் முன்னோரைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டவர்கள்.

ஸைதுக்கும் உம்மு அய்மனுக்கும் பிறந்தவர் உஸாமா (ரலி). ஸைத் பஞ்சைப் போல் வெண்ணிறம், உஸாமா தாயைப் போல் கறுநிறம். இதை வைத்து அந்தக் குழந்தையின் பிறப்பைப் பற்றி ஐயம் பேசியவர்கள் இருந்தனர். நிறத்தைக் கொண்டு ஒரு தாயின் கற்பை எடைபோட்ட பேச்சு அது. ஒரு நாள் தந்தையும் மகனும் ஒரே போர்வைக்குள் தலைகளை மூடிப் படுத்திருந்தார்கள். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அங்க அடையாளங்களைக் கொண்டு வம்சம் கூறுவதில் பெயர் பெற்ற முஜஸ்ஸிஸ் அல்முத்லிஜீ என்பவர் தற்செயலாக அவற்றைப் பார்த்து, இந்தப் பாதங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்றார். பெருமானார் முகம் ஒளிர ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்து அதைச் சொன்னார்கள். ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி இது. பிறர் வாயை அடைக்க ஒரு சான்று கிடைத்ததில் பெருமானாருக்கு உண்டான அந்த மகிழ்ச்சியே, அந்தப் பேச்சு அவர்களை எவ்வளவு புண்படுத்தியிருந்தது என்பதைக் காட்டுகிறது. பெண் பார்க்கப் போய் நிறத்தைப் பற்றிக் கிசுகிசுக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் இந்த ஹதீஸைக் கேட்டிருக்கிறார்களா என்பது ஐயமே.

பெருமானார் தம் ஒரு தொடையில் பேரர் ஹசனையும் (ரலி) மறுதொடையில் உஸாமாவையும் அமர்த்திக்கொண்டு இருவருக்காகவும் துஆச் செய்வார்கள். மக்கா வெற்றியின்போது பெருமானாரின் வாகனத்தில் பின்னால் அமர்ந்து ஊருக்குள் வந்தவர் உஸாமா. அன்று கஅபாவுக்குள் அவர்களோடு நுழைந்தவர்களில் உஸாமாவும் பிலாலும் (ரலி) இருந்தனர். இருவரும் அபிசீனியத் தாயர் ஈன்ற பிள்ளைகள். குறைஷித் தலைவர்கள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உம்மு அய்மன் அம்மையாரின் நாக்கு அரபு மொழிக்கு முழுதாக வளையவில்லை. வாழ்நாளின் பெரும்பகுதியை மக்காவில் கழித்தும் சில உச்சரிப்புகள் அவருக்கு வசப்படவில்லை. ஸலாம் சொல்லும்போது ‘ஸலாமுன் லா அலைக்கும்’ என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொன்னால் சாந்தி உங்கள் மீது இல்லை என்று பொருள் மாறிவிடும். அவர் வெறுமனே ஸலாம் என்று சொன்னாலே போதும் என்று பெருமானார் அனுமதித்தார்கள். ஹுனைன் போரின்போது, அல்லாஹ் உங்கள் பாதங்களை உறுதிப்படுத்துவானாக என்று வீரர்களுக்காக வேண்ட நினைத்து, ஒரே எழுத்து பிறழ்ந்து வேறு பொருள்படச் சொல்லிவிட்டார். உம்மு அய்மனே, உங்களுக்கு நாக்குப் புரளாது, பேசாமல் இருங்கள் என்றார்கள் பெருமானார். மகன் தாயிடம் சொல்லக்கூடிய சொல் அது. மக்ரஜ் சரியில்லை என்று பள்ளியில் கடிந்துகொள்ளப்பட்ட பிள்ளைகள் நம்மிடையே நிறைய உண்டு. அரபுத்தமிழ் நூல்களைப் பார்த்து ஓதிய நம் பாட்டிமார் ‘ஸா’வையும் ‘ஸீனை’யும் ஒன்றாகவே உச்சரித்தார்கள். பிள்ளைகளுக்குக் கலிமா சொல்லிக்கொடுத்தவர்களும் அவர்களே.

பெருமானார் அவரோடு வேடிக்கையும் பேசுவார்கள். ஒரு முறை, பயணத்துக்கு வாகனம் வேண்டும் என்று கேட்டு வந்தார். ஒட்டகத்தின் குட்டியில் ஏற்றி அனுப்புகிறேன் என்றார்கள். குட்டி என்னை எப்படிச் சுமக்கும், அது எனக்கு வேண்டாம் என்று அவர் விடாமல் மறுத்தார். எல்லா ஒட்டகமும் ஏதோ ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்பது அதிலுள்ள வேடிக்கை. வேறொரு நாள் பெருமானார் அவர் வீட்டுக்குச் சென்றார்கள். அவர் பருக ஏதோ கொண்டுவந்து வைத்தார். நோன்போ, விருப்பமில்லையோ, பெருமானார் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அம்மையார் உரத்த குரலில் கடிந்துகொள்ளத் தொடங்கினார். உடன் சென்றிருந்த அனஸ் (ரலி) சொல்லும் செய்தி இது, முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மதீனாவின் தலைவர், அரபகமே அஞ்சிய ஒருவர், சாப்பிட மறுத்த பிள்ளையைப் போலத் திட்டு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

அதே அனஸ் அறிவிக்கும் மற்றொரு நிகழ்ச்சியை நம்மால் எத்தனை முறை படித்தாலும் புன்னகையின்றி முடிக்க இயலவில்லை. மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த முஹாஜிர்களுக்கு மதீனத்து அன்சாரிகள் தம் பேரீச்ச மரங்களின் பலனைக் கொடுத்திருந்தார்கள். அனஸின் தாயார் பெருமானாருக்குக் கொடுத்த மரங்களைப் பெருமானார் உம்மு அய்மனுக்குக் கொடுத்திருந்தார்கள். கைபர் வெற்றிக்குப்பின் முஹாஜிர்களுக்கு வசதி வந்தபோது இரவல் மரங்கள் உரியவர்களிடம் திருப்பித் தரப்பட்டன. தம் குடும்பத்து மரங்களைக் கேட்டு அனஸ் வந்தார். பெருமானார் தருவதாகச் சொன்னார்கள். செய்தி உம்மு அய்மனுக்கு எட்டியது. வந்தார், சிறுவர் அனஸின் கழுத்தில் துணியைப் போட்டுப் பிடித்துக்கொண்டார், அல்லாஹ்வின் மீது ஆணையாக அதைத் தரவே முடியாது, அது எனக்குத் தரப்பட்டது என்றார்.

சட்டப்படி அது அவருக்குச் சொந்தமன்று. இரவல் என்பதை அவர் உணர்ந்திருக்கவில்லை. ஒரு சொல்லால் அவரை அடக்கப் பெருமானாரால் முடியும். அவர்களோ பேரம் பேசினார்கள். விட்டுவிடுங்கள், பதிலுக்கு இவ்வளவு தருகிறேன் என்றார்கள். முடியாது என்றார். இன்னும் இவ்வளவு என்றார்கள். முடியாது. இப்படியே ஏற்றிக்கொண்டே சென்று, ஏறத்தாழப் பத்து மடங்கு கொடுத்த பிறகே அம்மையார் அனஸின் கழுத்தை விட்டார். அனஸின் குடும்பத்துக்கு அவர்கள் உரிமையும் கிடைத்தது, வளர்த்தவரின் மனமும் புண்படவில்லை. அதற்கான விலையைப் பெருமானார் தம் கையிலிருந்து கொடுத்தார்கள். அடிமையாகப் பிறர் கைக்கு மாறிய ஒருவருக்கு, தமக்கென்று தரப்பட்ட மரங்கள் என்பதன் பொருள் மற்றவர்களுக்கு இருப்பதைப் போன்றதன்று.

செவிலி என்பதன் இன்னொரு பொருளுக்கு வருவோம். உஹதுப் போரில் உம்மு அய்மன் அம்மையார் தண்ணீர் கொடுத்துக்கொண்டும் காயமடைந்தோரைப் பேணிக்கொண்டும் களத்தில் இருந்தார். எதிரியின் அம்பு அவரையும் தாக்கியது. படை சிதறி ஓடியபோது, ஓடி வந்தவர்களின் முகத்தில் மண்ணை வாரி இறைத்து, இந்தா தக்ளியைப் பிடி, உன் வாளைக் கொடு என்றார் என்று வாகிதீ எழுதுகிறார். கைபரிலும் அவர் இருந்தார். அக்காலத்தில் இப்பணியில் பெயர் பெற்ற மற்றொருவர் ருஃபைதா (ரலி). மதீனப் பள்ளிவாசலிலேயே அவருக்குக் கூடாரம் அமைக்கப்பட்டது, அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அங்கே வைத்துப் பேணப்பட்டார். இத்தகைய முன்னோடிகள் இருந்தும், மகளை மருத்துவராக்க வீட்டை அடகு வைக்கத் துணியும் நம் குடும்பங்கள் செவிலியர் படிப்பு என்றதும் முகம் சுளிக்கின்றன. இரவுப் பணி, ஆண் நோயாளிகள் என்று காரணம் கூறப்படுகிறது. மருத்துவருக்கும் அவை இரண்டும் உண்டு. சொல்லப்படாத காரணம், அது ஏவல் வேலை என்னும் எண்ணம்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு அம்மையாருக்குக் கடுமையான ஆண்டு. ஜமாதுல் அவ்வல் மாதத்தில் முஅத்தா போரில் கணவர் ஸைத் படைத்தலைவராகக் களத்தில் வீழ்ந்தார். ஷவ்வாலில் ஹுனைனில் மூத்த மகன் அய்மன் ஷஹீதானார். முதல் தாக்குதலில் பெரும் படை பின்வாங்கிய வேளையில் பெருமானாரைச் சூழ்ந்து நின்ற சிலரில் அய்மனும் ஒருவர். எஞ்சியிருந்த மகன் உஸாமாவை, பதினெட்டு வயதை ஒட்டிய இளைஞரை, ஹிஜ்ரி 11இல் பெருமானார் சிரியா நோக்கிய படைக்குத் தலைவராக்கினார்கள். மூத்த தோழர்களும் அடங்கிய படை அது. சிலர் முணுமுணுத்தனர். இவருடைய தந்தையின் தலைமையையும் முன்பு குறைகூறினீர்கள், அவரும் தகுதியானவரே, இவரும் தகுதியானவரே என்று பெருமானார் மறுமொழி கூறினார்கள்.

படை மதீனாவுக்கு வெளியே ஜுர்ஃபில் தங்கியிருந்தபோது பெருமானாரின் நோய் முற்றியது. புறப்பட ஆயத்தமாக நின்ற உஸாமாவுக்கு ஆள் வந்தது. அனுப்பியவர் தாய் உம்மு அய்மன். பெருமானார் இறுதி நிலையில் இருக்கிறார்கள் என்பது செய்தி. உஸாமா திரும்பினார். ஜனாஸாக் குளிப்பாட்டலின்போது தண்ணீர் ஊற்றியவர்களில் உஸாமாவும் ஒருவர் என்கிறார் இப்னு இஸ்ஹாக். குழந்தையாக இருந்தபோது பேணிய செவிலியின் மகன், இறுதிக் குளிப்புக்குத் தண்ணீர் ஊற்றினார்.

பெருமானார் மறைந்த பிறகு ஒரு நாள் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களிடம், பெருமானார் சென்று பார்த்து வந்ததைப் போல நாமும் உம்மு அய்மனைப் பார்த்து வருவோம் என்றார்கள். ஆட்சிப் பொறுப்பின் நடுவே இருவரும் ஒரு முதியவளின் வீடு தேடிச் சென்றார்கள். அவர்களைக் கண்டதும் அம்மையார் அழுதார். ஏன் அழுகிறீர்கள், அல்லாஹ்விடம் இருப்பது அவனுடைய தூதருக்கு மேலானதாயிற்றே என்று இருவரும் ஆறுதல் கூறினார்கள். அது எனக்குத் தெரியாமல் அழவில்லை என்றார் அவர். வானத்திலிருந்து வந்துகொண்டிருந்த வஹீ நின்றுபோய்விட்டதே, அதற்காக அழுகிறேன் என்றார். அதைக் கேட்டு அபூபக்ரும் உமரும் அவரோடு சேர்ந்து அழத் தொடங்கினார்கள்.

நாக்குப் புரளாதவர் என்று அறியப்பட்டவர் சொன்ன சொல் இது. கல்வி வல்ல அவ்விருவரும் அதுவரை தம் துயரத்துக்குச் சூட்டாத பெயரை அவர் சூட்டினார். தாம் வளர்த்த பிள்ளை போய்விட்டதற்காக அழுதிருந்தாலும் எவரும் குறைகூறியிருக்க மாட்டார்கள்.

பெருமானார் மறைந்த ஐந்து மாதங்களில் அவர் இறந்தார் என்கிறார் ஸுஹ்ரீ. உமர் (ரலி) கொல்லப்பட்ட நாளிலும் உயிரோடிருந்து, இன்று இஸ்லாம் தளர்ந்துவிட்டது என்று அழுதார் என்னும் அறிவிப்பையும் இப்னு சஅத் தருகிறார்.

உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் பொதுநிதியிலிருந்து உதவித்தொகை வகுத்தபோது உஸாமாவுக்கு 3,500 என்றும் தம் சொந்த மகன் அப்துல்லாஹ்வுக்கு 3,000 என்றும் எழுதினார்கள். எந்தப் போரிலும் அவர் என்னை முந்தவில்லையே என்று மகன் கேட்டார். உன் தந்தையைவிட அவருடைய தந்தையும், உன்னைவிட அவரும் பெருமானாருக்கு அதிகம் பிரியமானவர்கள் என்றார்கள் உமர்.

அந்த அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) ஒரு நாள் பள்ளிவாசலில் இருந்தார். இளைஞர் ஒருவர் உள்ளே வந்து, ருகூவும் ஸஜ்தாவும் நிறைவு பெறாத அவசரத் தொழுகை ஒன்றைத் தொழுதார். திரும்பத் தொழு என்றார் இப்னு உமர். இளைஞர் அப்பால் சென்றதும், யார் இவர் என்று அருகிலிருந்தவரிடம் கேட்டார். ஹஜ்ஜாஜ், அய்மனின் மகன், உம்மு அய்மனின் பேரர் என்று விடை வந்தது. பெருமானார் இவரைப் பார்த்திருந்தால் நேசித்திருப்பார்கள் என்றார் இப்னு உமர். பிறகு உம்மு அய்மன் ஈன்ற பிள்ளைகள் மீது பெருமானாருக்கு இருந்த அன்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.